குடம் சுமந்து வந்த மனுஷன்

எங்கள் சபையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ‘யூத வழக்கம்’. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. என் மனைவிதான் எங்கோ கேட்டு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். பெயர் வரக் காரணமும் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வாங்கினேன். அந்தக் காலத்து யூதர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படிப் பெண் கொடுத்தார்கள், செத்தவர்களை எப்படி அடக்கம் செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. பகலெல்லாம் தாலுகா ஆபீஸில் பட்டா, சிட்டா என்று எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் புத்தகம் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டங்களில் எந்த வசனத்தை எடுத்தாலும் வாயைத் திறந்துவிடுவேன். இயேசு பந்தியிருக்கும்போது ஒரு ஸ்திரீ பின்னால் நின்று அழுது, கண்ணீரால் அவர் பாதங்களை நனைத்தாள் என்று வரும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பின்னால் நின்றால் பாதம் எப்படி எட்டும்? அவர்கள் விருந்தில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, கால்களைப் பின்பக்கம் நீட்டிக்கொண்டு சாப்பிட்டவர்கள் என்று தெரிந்தால் குழப்பம் தீர்ந்தது. கல்யாணமே ஆகாத மரியாளை யோசேப்பு எப்படி விவாகரத்து செய்து தள்ளிவிட முடியும்? அவர்களுக்கு நிச்சயதார்த்தமே பாதிக் கல்யாணம், அதை முறிக்க எழுத்து வேண்டும். இப்படிச் சொல்லும்போது ஆட்கள் “அடடே” என்று தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு நான் அடிமையாகியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டம். பஸ்கா பண்டிகை விருந்துக்கு இடம் தயார்செய்ய இயேசு இரண்டு சீஷர்களை நகரத்துக்கு அனுப்பும் பகுதி வந்தது. தெருப் பெயரும் இல்லை, வீட்டுக்காரன் பெயரும் இல்லை. தண்ணீர்க்குடம் சுமந்துகொண்டு ஒரு மனுஷன் எதிரே வருவான், அவன் பின்னாலேயே போங்கள் என்கிறார். பண்டிகைக் கூட்டத்தில் எருசலேம் பிதுங்கிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கூட்டத்தில் ஒருவனை எப்படி அடையாளம் காண்பது?

புத்தகம் கைகொடுத்தது. குடத்தில் தண்ணீர் எடுப்பது அங்கே பெண்கள் வேலை. ஆண்கள் தூக்கினால் துருத்தி என்கிற தோல்பையில்தான் தூக்குவார்கள். குடத்தோடு ஒரு ஆண் நடந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

“நம்ம தெருவையே எடுத்துக்கங்க,” என்றேன். “பத்து நாளைக்கு ஒருக்கதான் தண்ணி வருது. ஆம்பளைக சைக்கிள்ல ரெண்டு பக்கமும் கட்டிக் கொண்டு வாரோம், சரி. எவனாச்சும் இடுப்புல வச்சுத் தூக்குவானா? தூக்குனா வழி கேக்கவே வேணாம், அவன் பின்னாலயே போயிரலாம்.”

வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சமையலறை வாசலில் காப்பித் தட்டோடு நின்ற என் மனைவி மட்டும் கேட்டாள்: “அப்ப அவுக வீட்டுப் பொம்பளைக்கு என்னாச்சாம்?”

“அதெல்லாம் வேதத்துல இல்ல,” என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

மறு வருஷம் கோடையில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் கனம் எதையும் தூக்கக் கூடாது, குடத்தைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து அவளுடைய அக்கா வந்து ஒரு மாதம் கூடவே இருந்தார். மல்லிகை கொட்டிக்கொண்டிருந்த சமயம்; பூப்பறிக்க ஆள் இல்லை என்று வீட்டிலிருந்து சொல்லியனுப்பவே கிளம்பினார். “தண்ணிய நீங்க பாத்துக்கங்க தம்பி, அவளத் தூக்க விட்றாதீக,” என்று பஸ் ஏறும்போதும் சொன்னார்.

பார்த்துக்கொண்டேன், என் சௌகரியத்துக்கு. தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு தோட்டத்து மோட்டாருக்குச் சைக்கிளில் போய் இரண்டு குடம் கட்டிக்கொண்டு வருவேன். உப்புத் தண்ணீர், குளிக்க, துவைக்க ஆகும், குடிக்க ஆகாது. குடிதண்ணீர்க் குழாயோ, படியிறங்கிப் போகும் ஒரு முடுக்குக்குள் இருந்தது. சைக்கிள் நுழையாது. வரிசையில் நிற்கும் அத்தனை பெண்களின் முன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். அந்த வரிசையில் எங்கள் சபைப் பெண்களே மூன்று பேர், அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தவர்கள்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வந்தது.

“என்னங்க, தண்ணி வந்திருச்சு.”

“செத்த நேரம் பொறு. கூட்டம் குறையட்டும், போறேன்.”

சவரம் செய்யப் போனேன். ஒரு முறைக்கு இரண்டு முறை செய்தேன். மீசையை ஒதுக்கினேன். கூட்டம் குறையும் வரைக்கும் ஒரு ஆண்பிள்ளையின் முகத்தில் செய்வதற்கு எவ்வளவோ வேலை இருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் மூன்று குடம் நிறைந்து நின்றது. நாலாவது அவள் இடுப்பில் வந்துகொண்டிருந்தது.

“தண்ணி நின்னுரும்ல,” என்றாள்.

பக்கத்து வீட்டம்மா ஒவ்வொரு தடவையும் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் ஏற்றிவிட்டாராம். அதையே பெரிய உதவி என்று நினைத்திருக்கிறார். தெருவில் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண் குடம் தூக்கினால் ஊருக்கே அடையாளம். பச்சைப் புண்ணோடு ஒரு பெண் தூக்கினால் அது வெறும் காலைநேரம். இந்த வழக்கத்தைப் பற்றி என் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

சாயங்காலம் இரத்தப்போக்கு தொடங்கியது. ஆட்டோவில் கொண்டுபோனோம். உள்தையல் விட்டிருந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. முதல் இரண்டு நாள் டாக்டரம்மா என்னிடம் பிடிகொடுத்தே பேசவில்லை. அக்கா வந்தார். “ஊருக்குத்தான் உபதேசம்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இவள் செத்தால் கொன்றவன் நான்தான் என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நினைத்தேன். பிழைத்துவிட்டாள். அதற்காக அந்த நினைப்பை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபின் அடுத்த தண்ணீர் நாளில் குடத்தை எடுத்துக்கொண்டு முடுக்குக்குள் இறங்கினேன். ஆணின் இடுப்பில் குடம் நிற்காது, வழுக்கும், தோளுக்கு மாற்றினேன். சட்டையெல்லாம் நனைந்தது. தெருமுனை டீக்கடைக்காரர், “என்ன சார், வீட்ல சண்டையா?” என்றார். வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்த முறை ஒருவர் பார்த்தார். அதற்கடுத்த முறை யாரும் பார்க்கவில்லை. நான் பயந்த அவமானத்தின் ஆயுள் மொத்தம் இரண்டு தண்ணீர் நாள்.

அவளுக்கு உடம்பு தேறியபின்னும் குடம் என் தோளிலேயே இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சபைக்குப் புதிதாக வந்த போதகர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு தெருவுக்கு வந்திருக்கிறார். டீக்கடைக்காரர், “குடம் தூக்குற சாரா? அந்தா போறாரு பாருங்க, பின்னாலயே போங்க,” என்று கைகாட்டியிருக்கிறார். வந்து உட்கார்ந்ததும் போதகர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த வெள்ளிக்கிழமை அதே பகுதியை நானே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

சொன்னேன். பெண்கள் குடம், ஆண்கள் துருத்தி, பண்டிகைக் கூட்டம், எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பழைய இடத்தில் நிறுத்தாமல், “அந்த மனுஷன் வீட்டுல ஒருத்திக்கு உடம்புக்கு முடியல. அது வேதத்துல இல்ல, ஆனா அப்படித்தான் இருக்கும்,” என்று சேர்த்தேன். போதகர் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார்.

என் மனைவி அதே சமையலறை வாசலில், காப்பித் தட்டோடு நின்றாள்.

“அந்த ஆளு, அவ படுத்ததுக்கு அப்புறம் தூக்குனாரா, அதுக்கு முன்னாடியேவா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. பதில் வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்புறந்தான்,” என்றேன்.