அக்காவின் மொழிக்கு நான் வைத்த பெயர்

என் தாய்மொழியைத் திருட்டுப் பாஷை என்று சொன்னவன் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தெளிந்த புத்தியோடு, ஊரார் முன்னிலையில் சொன்னேன்.

முகம் சுளிக்கிறாயா? நன்றாகச் சுளி! மன்னிக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொள்ளாதே. பேருந்து நிலையத்தில் ஊசிமணி விற்பவள் அருகில் வந்தால் பையை இறுக்கிப் பிடிக்கிறவன்தானே நீ?

அப்படி ஊசிமணி விற்ற குருவிக்காரிதான் என் அக்கா ராமாயி.

சிறுவயதிலேயே என்னை மதுரையில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். என் முடியை வெட்டினார்கள், பெயரையும் மாற்றினார்கள். படித்து, வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனேன். அலங்காநல்லூரில் நிலபுலமுள்ள சம்சாரி வீட்டில் பெண் எடுத்தேன். நாதியற்றவன் என்று சொல்லிக்கொண்டேன்... நம்பினார்கள்.

எப்போதாவது சிம்மக்கல் கடைத்தெருவில் அக்காவைப் பார்ப்பேன். மணி வாங்குபவன்போல் குனிந்து எங்கள் மொழியில் பேசுவேன். எழுத்தில்லாத மொழி. பேசுகிறவர்கள் வாயை மூடினால் தீர்ந்தது!

எமர்ஜென்சி முடிந்திருந்த சமயம், அக்காவின் கூட்டம் எங்கள் பள்ளிக்குப் பின்னாலிருந்த புறம்போக்கில் வந்து குடிசை போட்டது. என்னைத் தெரிந்தவளாக அவள் ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. நான் கேட்காமலே எனக்காகச் செய்தாள்.

அவர்கள் பிள்ளைகள் வகுப்பில் ஊமைகளாக உட்கார்ந்திருந்தன. புதிதாக வந்திருந்த செல்வம் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. அக்காவிடம் கதை கேட்டு, அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதி, மாலையில் தனி வகுப்பு நடத்தினான். பிள்ளைகள் உரக்கப் படித்தன! சுவருக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன். உடம்பு சிலிர்த்தது... பயத்தில்.

ஒருநாள் நாற்காலி காலில் விழுந்து, வலியில் என்னையறியாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். செல்வம் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, இந்த வார்த்தையத்தானே அந்தப் புள்ளைகளும் சொல்லுதுக? ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"காதுல விழுகுறதுதான்யா."

அவன் சந்தேகப்பட்டானா? இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த வகுப்பு நிற்க வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

ஊர்க்காரர்கள் சிலர் வகுப்பை நிறுத்தச் சொல்லி வந்தார்கள். தலைமையாசிரியர் கூட்டம் போட்டார். பிள்ளைகளுக்காகப் பேச அக்கா வந்து, கதவோரம் நின்றாள்.

"நீங்க சீனியர். நீங்க சொல்லுங்க சார்," என்றார் தலைமையாசிரியர் என்னிடம்.

"வேண்டாம்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது போதும். ஆனால் நான் சொன்னது...

"அது பாஷையே இல்ல சார். களவாங்கப் போறப்ப அடுத்தவனுக்கு வெளங்கக் கூடாதுன்னு பேசிக்கிறது. அதப் போயி பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கணுமா?"

ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். செல்வம் தலை குனிந்தான். அக்கா என்னைப் பார்த்தாள். "இவன் என் தம்பி" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றே ஒழிந்திருப்பேன். சொல்லவில்லை. அதற்காக நன்றி வந்ததா எனக்கு? இல்லை. வெறுப்புத்தான் வந்தது!

வகுப்பு நின்றது. சில நாளில் யாரோ வீட்டு ஆடு காணாமல் போனது. "வாத்தியாரே சொன்னாருல்ல" என்று சொல்லிக்கொண்டே குடிசைகளைப் பிய்த்தெறிந்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வாய்ப்பாடு நடத்தினேன்.

பல மாதம் கழித்து அக்காவைச் சிம்மக்கல்லில் கண்டேன். குனிந்து, எங்கள் மொழியில், "அக்கா" என்றேன்.

அவள் மணிகளை அடுக்கியபடி தமிழில் சொன்னாள்: "என்னா வேணும் சார்? வாங்கலேன்னா தள்ளி நில்லுங்க. யாவாரம் கெடுது."

மறுபடி பேசினேன். கெஞ்சினேன். பக்கத்திலிருந்த மகளிடமும் அவள் தமிழிலேயே பேசினாள்: "இந்தா, சாருக்கு வழி விடு."

அதன்பின் என்னோடு அந்த மொழியில் பேச ஒருவருமில்லை. உனக்கு அதில் ஒரு சொல்லாவது கேட்க ஆசையா? தரமாட்டேன். அதைக் கேட்க உனக்கும் தகுதியில்லை, சொல்ல எனக்கும் தகுதியில்லை.

இன்று காலை என் மனைவி மகனை அதட்டினாள்: "குருவிக்காரன் மாதிரி தலையப் பரப்பிக்கிட்டு நிக்கிற! போயி எண்ணெய் வச்சு சீவுடா!"

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"அம்மா சொல்றதக் கேளு," என்றேன்.