பதினாலாம் நம்பர் அறையின் பாட்டுகள்

சுசீலாபாய் இருபத்தொரு வருஷமாக அமெரிக்க டாக்டர்களின் குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்துவந்தாள். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி. அங்கே அவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வது இங்கே மறுநாள் காலையில் அவள் காதுக்கு வரும். மேஜைக்கடியில் ஒரு பெடல். முன்காலால் மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் மூன்று நொடி பின்னால் போகும். ஒரு நாளில் பல நூறு முறை பின்னால் போவாள்.

அந்த வேலையில் இரண்டு விதிகள்தான் முக்கியம். கேட்காத இடத்தில் ஊகித்து எழுதக் கூடாது. கோடு போட்டுவிட்டு மேலே போக வேண்டும், சரிபார்ப்பவர் நிரப்புவார். இரண்டாவது, ‘இல்லை’யைத் தவறவிடக் கூடாது. ஒரு ‘நோ’ விட்டுப்போனால் இல்லாத வியாதி ஒருவருக்கு வந்துவிடும். டாக்டர்கள் பல நேரம் ‘இல்லை’ என்றுகூடச் சொல்வதில்லை. நோயாளி வலியை மறுக்கிறார் என்பார்கள். மூச்சுத்திணறலை மறுக்கிறார். தற்கொலை எண்ணத்தை மறுக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுசீலாபாய், இருப்பதை ஒளிக்கிறார்கள் என்றே நினைத்தாள். வலி இல்லை என்பதைச் சொல்லும் முறை அது, அவ்வளவுதான் என்று பிறகு சொல்லித் தந்தார்கள். முதலில் நினைத்தது முழுதாகப் போகவில்லை.

அவள் காது வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. யார் பேசினாலும் விரல்கள் அசையும். டி.வி. சீரியலில் மாமியார் பேசுவதைத் தோசைமாவுப் பாத்திரத்தின் மூடியில் அடிப்பாள். மலையாளப் பாட்டோ தமிழ்ப் பாட்டோ, வார்த்தைகளைப் பிடிப்பதற்குள் பாட்டு முடிந்துபோகும். ஆங்கிலப் பாட்டு அறவே ஆகாது. யாராவது இதயம் என்று பாடினால் அடைத்துப்போன ரத்தக்குழாய்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அவளுக்கு அது மனிதர்கள் சாகிற பாஷை.

அவள் கணவன் வேலாயுதன் தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். இரண்டாயிரத்து எட்டில், பதினாலாம் நம்பர் அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரன் ஒருவன் விரல் நீளத்தில் ஒரு எம்.பி.த்ரீ ப்ளேயரைத் தலையணைக்கடியில் விட்டுவிட்டுப் போனான். விட்டுப்போன சாமான்களை ஆறு மாதம் அலமாரியில் வைத்திருப்பது லாட்ஜ் வழக்கம். யாரும் வரவில்லை. வேலாயுதன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

“சாயிப்புக்க பாட்டுப் பெட்டி. வேணும்னா வச்சுக்க. இல்லேண்ணா சவத்தெத் தூக்கிப் போடு.”

நாற்பத்தொரு பாட்டுகள் இருந்தன. பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஆங்கிலம் இல்லை என்று தெரிந்தது. வேறு என்ன பாஷை என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஏழாவது பாட்டில் ஒரு பெண், பின்னால் ஒரே மாதிரி தட்டும் மெஷின் தாளத்தோடு, அவசரமில்லாமல் பாடினாள். பாட்டு முடிந்த பிறகுதான் சுசீலாபாய் தன் கையைப் பார்த்தாள். அது துணியின் மேல் சும்மா கிடந்தது. காலும் அசையவில்லை. பாட்டு முழுவதும் ஒரே கோடு. யாரும் வந்து நிரப்ப வேண்டியதில்லை.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை அந்தப் பாட்டுகள். நேமத்து வீட்டின் பின்பக்கம் துணிக்கொடி அருகே ஸ்டூல் போட்டு உட்கார்வாள். பதினாறு வருஷத்தில் ஏழாவது பாட்டை எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று சொல்ல முடியாது. வேலாயுதன் கேலி செய்வான்.

“பிள்ளே, அவ உன்னெ ஏசுகாளா கொஞ்சுகாளா, வல்லதும் தெரியுமா?”

“தெரியாண்டாம்.”

ஆபீஸில் பக்கத்து ஸீட் ஸ்நேகா ஒருநாள், “சேச்சி, ஃபோன்ல காட்டினா போதும், பாட்டுக்க பேரு, அர்த்தம் எல்லாம் வரும்” என்று கை நீட்டினாள். சுசீலாபாய் ப்ளேயரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். ஸ்நேகா அதைக் கோபம் என்று நினைத்து இரண்டு நாள் பேசவில்லை.

போன வருஷம் கம்பெனிக்கு மெஷின் வந்தது. டாக்டர் பேசுவதை அதுவே எழுதியது. எழுதியதைத் திருத்தப் பன்னிரண்டு பேர் போதும் என்றார்கள். அந்த வரிசையில் இருந்தவர்கள் நாற்பது பேர். டீம் லீடர் கௌசிக் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். கரமனை அக்ரஹாரத்துப் பையன், அவள் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவன்.

“மேடம், ஜெர்மன் ப்ராஜெக்ட் ஒண்ணு வரது. அவா ஆஸ்பத்திரி ரிப்போர்ட். மெஷின் விட்ட எடத்தைக் காதால பிடிக்கணும். எட்டு மாசத்துல ஜெர்மன் பாஷையில பி-ஒன் பரீட்சை பாஸ் பண்ணிட்டேள்னா உங்களுக்கு ஸீட் உண்டு.”

“எனக்கு நாப்பத்தொம்பது வயசு, கௌசிக்.”

“காதுக்கு ஏது மேடம் வயசு? உங்க காதைப் பத்தி நான் மேல சொல்லி வெச்சிருக்கேன். இல்லேன்னா...”

மீதியைச் சொல்லாமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே காலி நாற்காலிகளைச் சுவரோரமாக அடுக்கியிருந்தார்கள்.

ஜெர்மன் வகுப்பு தம்பானூரில், ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடியில். மாலை ஐந்தரைக்கு. வந்தவர்கள் எல்லாம் ஜெர்மனிக்குப் போகக் காத்திருக்கும் நர்ஸுகள். மாஸ்டர் பிரஜின் முதல் நாளே ஸ்பீக்கரில் ஒரு பதிவைப் போட்டார். ரயில் நிலையத்தில் ஒரு பெண் யாரிடமோ ஏதோ கேட்கிறாள். சுசீலாபாய் எழுந்து நின்றுவிட்டாள்.

“எந்தா சேச்சி?”

“ஒண்ணும் இல்ல சார்.”

உட்கார்ந்தாள். தொண்டையைச் சுரண்டி வரும் அந்தச் சத்தம், வார்த்தையின் கடைசியைக் கதவு மாதிரி சாத்துவது, எல்லாம் அதேதான். துணிக்கொடி அருகே பதினாறு வருஷம் கேட்ட பாஷை இப்போது டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் வேலாயுதனிடம் சொன்னாள்.

“அந்தப் பாட்டு ஜெர்மனாக்கும்.”

“கொள்ளாமே! அப்பொ பாதி படிச்சாச்சுல்லா நீ. பதினாறு வருஷம் ஓசி ட்யூஷன்.”

“எனக்கு வேண்டாம்ணு தோணுது.”

“என்னது? வேலையா பாட்டா?”

வேலாயுதன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சிரிக்காமல் சொன்னான்.

“லாட்ஜில பாதி ரூம் காலியாக்கும் கெடக்கு. எப்பொ பூட்டுவானுவன்னு தெரியாது. பாத்துச் செய்யி.”

அவள் ப்ளேயரிலிருந்து பேட்டரியைக் கழற்றி, இரண்டையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். பாட்டையும் பாடத்தையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்திருக்கலாம் என்பது அவள் கணக்கு. வேலைக்கு ஒரு ஜெர்மன், வீட்டுக்கு ஒரு ஜெர்மன். பரீட்சை முடியும்வரை கேட்காமல் இருந்தால் போதும்.

வகுப்பில் பேசுவதற்கு அவளுக்கு நாக்கு வளையவில்லை. ஆனால் பதிவைப் போட்டால் ஒரு சத்தமும் அவளிடமிருந்து தப்பாது. பக்கத்து இருக்கை ஷிஜு, பாறசாலைக்காரன், ஆண் நர்ஸ். பதிவைக் கேட்டு விடை எழுதும் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவன்.

“ஆன்ட்டி, உங்களுக்க ஒரு காதெ எனக்கு வாடகைக்குத் தாருங்க. ஜெர்மனியில எறங்கின உடனே கூரியர்ல திருப்பி அனுப்பியிருவேன்.”

“அது வேண்டாம்டே. உள்ள அமெரிக்கக்காரனுக்க நோயெல்லாம் கெடக்கு.”

“நான் நர்ஸுல்லா. கழுவி எடுத்துக்கிடுவேன்.”

மூன்றாவது வாரம் பிரஜின் பலகையில் ‘நிஷ்ட்’ என்று ஒரு வார்த்தையை எழுதினார். இல்லை, அல்ல, மாட்டேன், எல்லாவற்றுக்கும் இதுதான் என்றார். அன்று நேமத்துக்குப் போகிற பஸ்ஸில், கிள்ளிப்பாலம் தாண்டும்போது, ஏழாவது பாட்டு தானாகத் தலைக்குள் ஓட ஆரம்பித்தது. அதில் பதினோரு இடத்தில் அந்த வார்த்தை எழுந்து நின்றது. இருபத்தொரு வருஷம் ‘இல்லை’யைப் பிடிக்கவென்றே பழக்கிய காது. சுசீலாபாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேறு பாட்டை நினைத்தாள். அதிலும் இருந்தது. பீரோவைப் பூட்டியதில் பிரயோஜனம் இல்லை. பாட்டுகள் பீரோவுக்குள் இல்லை.

பிறகு வாரம் நாலு, ஐந்து வார்த்தை என்று போயிற்று. வகுப்பில் ஜன்னல் என்று சொல்லிக் கொடுத்தால், பாட்டுக்குள் எங்கோ ஒரு ஜன்னல் திறந்துகொண்டது. வேகமாக நடந்தாலும், சத்தமாக எதையாவது பேசிக்கொண்டிருந்தாலும் அது நிற்கவில்லை. ஏழாம் மாதம் முடிந்தபோது ஏழாவது பாட்டில் நாலு கோடுகள்தான் மிச்சம். மற்ற பாட்டுகளில் நிறைய இருந்தன. இருபத்து மூன்றாவது அநேகமாக அப்படியே இருந்தது.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் முடிவு செய்தாள். பரீட்சையில் போய் உட்கார்ந்து, கேட்டதை எழுதாமல் விட்டுவிட வேண்டும். இங்கேயே நிறுத்தினால் பாட்டுகளில் இருக்கிற கோடுகளாவது மிஞ்சும். இந்த வயதில் ஒருத்தி தோற்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கௌசிக் வருத்தப்படுவான். வேலாயுதன் ஒன்றும் கேட்க மாட்டான். சேலைக் கடையிலோ வேறெங்கோ ஒரு வேலை கிடைக்காமலா போகும். யாரிடமும் சொல்லவில்லை.

பரீட்சை அறையில் ஷிஜு இரண்டு வரிசை முன்னால் இருந்தான். திரும்பிப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினான். பதிவு தொடங்கியது. ஒரு ஆள் ஃபோனில் தகவல் விடுகிறான். டாக்டரிடம் போகும் நேரம் நாளைக்கு இல்லை, வியாழக்கிழமை. சுசீலாபாய் பென்சிலை எடுக்கவில்லை. அடுத்து ஒரு கடை அறிவிப்பு. எடுக்கவில்லை. மூன்றாவதில் தாளைப் பார்த்தாள். இரண்டு கேள்விகள் காலியாக இருந்தன.

கேட்காத இடத்தில்தான் கோடு. கேட்டதற்குக் கோடு போட்டவர்களை அந்த வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அது ஒரு காரணமில்லை. இந்தத் தாளை விட்டுவைத்தாலும் வியாழக்கிழமை வியாழக்கிழமைதான். அவளுக்குக் கேட்டுவிட்டது. கேட்காத மாதிரி ஆக்க இனி ஒரு வழியும் இல்லை. பென்சில் கையில் இருந்தது. மூன்றாவதற்கு எழுதினாள், பிறகு திரும்பிப் போய் முதலிரண்டுக்கும் எழுதினாள். அதன் பிறகு ஒன்றும் விடவில்லை.

கேட்கும் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. ஷிஜு மூன்றாம் தடவையும் தோற்றான். ஃபோன் செய்தான்.

“வாடகைக்குக் கேட்டேன், தரல்லல்லா ஆன்ட்டி.” சிரிக்கப் பார்த்தான். “இனி எந்த மூஞ்சியெ வச்சிட்டு வீட்டுக்குப் போவேன்?”

“சாப்பிட்டியாடே?” என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரியில் புது ஸீட். பெடல் பழையதுதான். கௌசிக் லட்டு கொண்டுவந்தான். “நான் சொன்னேனோல்லியோ மேடம்!” முதல் நாள் ஒரு வயதான டாக்டரின் குரல். மெஷின் எழுதிவைத்ததை ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போனாள். அங்கேயும் டாக்டர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். வலியை மறுக்கிறார். மயக்கத்தை மறுக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பீரோவைத் திறந்தாள். பேட்டரியைப் போட்டு, துணிக்கொடி அருகே ஸ்டூலில் உட்கார்ந்து, ஏழாவது பாட்டை வைத்தாள். மெஷின் தாளம், அவசரமில்லாத அதே குரல். எனக்குக் குளிரவில்லை. தூக்கம் கெடவில்லை. ஜன்னல் பக்கம் நான் பார்ப்பதில்லை. நீ போனது எனக்குத் தெரியவே இல்லை. நான் காத்திருக்கவில்லை. நாலு கோடுகளில் மூன்று கேட்கும்போதே நிரம்பின. நாலாவது வரும்போது குதிகால் தரையை அழுத்தியது. குரல் பின்னால் போகவில்லை. மறுபடி அழுத்தியது. அவள் கீழே பார்த்தாள். சிமெண்டுத் தரையில் ஈரச் செருப்பு. பட்டனை அமுக்கிப் பின்னால் போனாள். நாலாவதும் கேட்டது.

மற்ற பாட்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எதையும் முழுதாகக் கேட்கவில்லை. இருபத்து மூன்றாவதில் இரண்டு வரி போவதற்குள் விரல் முழங்காலில் தட்ட ஆரம்பித்தது. காயப்போட்ட துணி காய்ந்து விறைத்திருந்தது. அன்று மடிக்கவில்லை.

மறுநாள் காலை வேலாயுதன் லாட்ஜுக்குக் கிளம்பும்போது ப்ளேயரை அவனிடம் நீட்டினாள்.

“இதெ அலமாரியில வச்சிருங்க.”

“எந்த அலமாரியில?”

“லாட்ஜில. ஆளுவ விட்டுட்டுப் போன சாமான் வைக்கிற அலமாரியில.”

“பதினேழு வருஷம் கழிச்சா? அந்தச் சாயிப்புக்கு இப்பொ பேரப்பிள்ள ஆயிருக்கும்.” கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். “ஏன்? கெட்டுப்போச்சா?”

“இல்ல.”

“இப்பொ உனக்கு வெளங்குமில்லா. என்னதான் சொல்லுகா அவ?”

சுசீலாபாய் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள்.

“தனக்கு ஒண்ணும் இல்லேங்கா.”

வேலாயுதன் இன்னும் ஏதோ வரும் என்று நின்றான். பிறகு ப்ளேயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேட்டரியை எடுத்துவிட்டாயா என்று கேட்டான். எடுத்துவிட்டேன் என்றாள்.