சின்ன எழுத்துக்குத் திரும்பிய பெயர்

சித்தியிடம் பேச வேண்டுமானால் அவளுக்கு வலப்பக்கமாகப் போய் உட்கார வேண்டும். இடது காது கேட்காது. கதவில் இடித்துக்கொண்டாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். மறைமலை நகரில் சித்தி குடியிருந்த வீட்டுக் கதவின் மேல் எனக்கு அப்போது பயங்கரக் கோபம்.

அந்தக் காதோடும் ஒரு பையோடும் அவள் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. சித்தப்பா கூட வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, பெரியவங்க விஷயம், போய்ப் படி என்றார்கள். என் படிப்பின் மேல் எங்கள் வீட்டுக்கு இப்படித்தான் அவ்வப்போது அக்கறை பொங்கும்.

சித்தி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து புரோகிராம் எழுதப் பழகினாள். வீட்டில் அப்பாவின் பழைய லேப்டாப்பில் பயிற்சி. பொத்தேரியில் ஒரு சின்ன கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை டெஸ்ட், தேறிவிட்டால் அங்கேயே லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிக்கொள்ளலாம் என்றாள். "அப்புறம் யாரு வந்து கூப்பிட்டாலும் போக வேணாம்டி" என்று சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன் என் பெயரை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடித்து உள்ளே போட்டு வைத்தாள். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் கட்டளையைக் கொடுத்தாள். அடுத்த வரியில் என் பெயர் பெரிய எழுத்தில் கம்பீரமாக வந்து நின்றது. நான் கை தட்டினேன்.

"இரு, இப்ப மறுபடியும் உன் பேரைக் கேக்கறேன் பாரு."

பழையபடி சின்ன எழுத்தில் வந்தது.

"என்ன சித்தி, ஏமாத்துது?"

"கேட்டப்ப மாத்திக் காட்டுச்சு, அவ்ளோதான். உள்ள இருக்கறது மாறல. மாறினதை எடுத்து, பழசு இருந்த இடத்துலயே திரும்பப் போட்டு வச்சாத்தான் நிக்கும். தெரியாம நானே ரொம்ப நாள் முழிச்சேன்."

சர்ச் முடிந்து வந்தபோது எங்களோடு பாஸ்டரும் வந்தார். அவர் பின்னால் வெள்ளைச் சட்டையில் சித்தப்பா. புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் பாஸ்டர் நடுவில் உட்கார்ந்து பேசி, ஜெபம் பண்ணி, டீயும் கேக்கும் சாப்பிட்டால் தீர்ந்தது என்பது எங்கள் வழக்கம். கேக்கை அப்பா முதல் நாளே வாங்கி வைத்திருந்தார்.

சித்தப்பா சித்திக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். குனிந்த தலையோடு மிகவும் மெதுவாக மன்னிப்புக் கேட்டார். அதில் பாதிகூட அவளுக்குக் கேட்டிருக்காது. இந்தப் பக்கம் மாறி உட்காருங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"தம்பி ரொம்ப மாறிட்டாரும்மா. உபவாசம் இருந்து ஜெபம் பண்ணியிருக்காரு" என்றார் பாஸ்டர்.

"அவரே இறங்கி வந்து சொல்றாரு. இன்னும் என்னடி?" என்றாள் அம்மா.

"நாளைக்கு எனக்கு டெஸ்ட் இருக்குக்கா."

"டெஸ்ட் எங்க ஓடிடப் போவுது?"

சித்தி ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். "காலைல உன் பேரை மாத்தினோமே, என்ன ஆச்சு? எல்லாருக்கும் சொல்லு."

சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பிப்பதுபோல் நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டேன். "முதல்ல மாறின மாதிரி காட்டுச்சு. திரும்பக் கேட்டா பழையபடியேதான் இருந்துச்சு."

"ஏன்?"

"உள்ள மாறல."

பிள்ளை என்ன புத்திசாலி என்று பாஸ்டர் மெச்சினார். சித்தப்பா பாக்கெட்டிலிருந்து ஒரு சாக்லேட் எடுத்து என்னிடம் நீட்டினார். சித்தி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து டீ போட உள்ளே போய்விட்டாள்.

சாயங்கால ரயிலில் சித்தி அதே பையோடு சித்தப்பாவுடன் கிளம்பினாள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும், அவள் கேட்ட கேள்விக்குத் தப்பில்லாமல் பதில் சொன்ன பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. மறுநாள் பள்ளியில் போய் எல்லோரிடமும் சொன்னேன்.

அடுத்ததாக அவளைப் பார்த்தது கிறிஸ்துமஸ் அன்று, சர்ச் வாசலில். சித்தப்பாவுக்குப் பக்கத்தில் புதுப் புடவையில் நின்றிருந்தாள். நான் ஓடிப்போய், மறக்காமல் வலப்பக்கம் நின்று, "சித்தி" என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை உரக்கக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. எதற்காகவோ என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அம்மாவிடம் திரும்பிப் போனேன்.