தேனீக்களுக்குச் சொன்னது

சுவிஸில், லுசேர்ண் நகர ஹோட்டல் ஒன்றின் சமையலறை வேலையை விட்டு லாங்கன்தாலை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வழியில், செம்பட்டைத் தாடிக் கிழவர் ஒருவர் வீட்டுச் சாவியால் தேனீப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, குனிந்து ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். அயர்லாந்துக்காரர். இருவருக்கும் அரைகுறை ஜெர்மன்தான்.

“என்ர மனுசி நேற்று மோசம் போயிட்டா. வீட்டில நடந்த சாவைச் சொல்லாட்டி இதுகள் கோவிச்சுக்கொண்டு பறந்திடும். எங்கட ஊர் வழக்கம்,” என்றார். “உன்ர வீட்டில எல்லாரும் சுகமோ?”

“தம்பி ஊரில சண்டையில செத்திட்டான், ஐயா. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

சாவியை என்னிடம் நீட்டினார். “உன்ர பாஷையிலயே சொல்லு.”

தட்டினேன், சொன்னேன். முடியும்வரை அவர் தொப்பியைக் கழற்றிப் பிடித்திருந்தார். என் தம்பிக்காகவா, தன் மனைவிக்காகவா என்று இன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை லாங்கன்தாலில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று முதலாளி கேட்டார். ஒரு தம்பி இருந்தான் என்றேன்.