நேரம் முடிந்ததைச் சொல்பவர்

கதவைத் தட்டுவதற்கு முன் லோர்னா பெட்ராகிஸ் வாயிலிருக்கும் புதினா மிட்டாயைக் கடித்து விழுங்கிவிடுவார். கெட்ட செய்தியை மென்றுகொண்டே சொல்லக் கூடாது என்பது அவருடைய சட்டம். பிறகு கம்பளிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். ஜூலை மாதமானாலும் அந்தச் சட்டை உண்டு. அரங்கம் சூடானால் கூட்டம் சிரிக்காது என்று நியூயார்க்கின் அந்த ஸ்டூடியோவை எப்போதும் நடுங்க வைத்திருப்பார்கள்.

டிவியில் பின்னிரவு நிகழ்ச்சி என்று பெயர்; படம்பிடிப்பதோ மாலை ஐந்தரைக்கு. சினிமா நட்சத்திரம் முதலில் வருவார், மேடையில் ஜோக் சொல்லிச் சிரிக்கவைக்க வந்தவர் கடைசியில். நட்சத்திரம் தன் நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால், கடைசி ஆளின் ஐந்து நிமிடம் போய்விடும். அதை அவருடைய அறைக்குப் போய்ச் சொல்வதுதான் இருபத்திரண்டு வருடமாக லோர்னாவின் வேலை.

"என்ன லோர்னா, இன்னிக்கு யாருக்குக் காரியம்?" என்பார் நிகழ்ச்சியின் வாத்தியக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் டெஸ்மண்ட்.

"உனக்கில்ல. உன் தாளம் செத்து எத்தனையோ வருஷமாச்சு."

அந்த அறைகளில் அவர் உட்கார்ந்ததே இல்லை. "உட்கார்ந்தா துக்கம் கேக்க வந்த மாதிரி ஆயிடும். அப்புறம் அழுவாங்க." நின்றபடியே மூன்று வாக்கியம் சொல்வார்: "நேரம் முடிஞ்சுபோச்சு. உங்க மேல தப்பில்ல. அடுத்த தடவை நிச்சயமா நீங்க உண்டு." மூன்றாவது வாக்கியம் வாய் உபசாரம் அல்ல. மறுநாள் காலை தயாரிப்பாளரின் வாசலில் போய் நிற்பார். தேதி கிடைக்கும்வரை நகரமாட்டார். அறைக் கதவில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டின் பின்புறம் அந்தத் தேதியை எழுதி அந்த ஆளுக்கே தபாலில் அனுப்புவார். ஒருவருக்குப் பதினான்கு மாதம் ஆனது. ஆனால் அவரும் மேடை ஏறிவிட்டுத்தான் போனார்.

நிகழ்ச்சியை அவர் டிவியில் பார்ப்பதில்லை. அது ஒளிபரப்பாகிற நேரத்தில் அஸ்டோரியாவில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். தொகுப்பாளர் நேரில் எப்படி என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "அங்க குளிரும்" என்பதோடு சரி.

இந்த வெள்ளிக்கிழமையோடு நிகழ்ச்சியையே நிறுத்திவிடுகிறார்கள். வியாழனும் வெள்ளியும் விடைபெற வரும் நட்சத்திரங்களுக்கே நேரம் போதவில்லை. சிரிப்பு சொல்பவருக்கென்று மிஞ்சியது புதன்கிழமை ஒன்றுதான். அதற்கு டொலீடோவிலிருந்து கிளைட் ஹார்பின் வந்திருந்தார். பள்ளி பஸ் ஓட்டுபவர், ஐம்பத்தொரு வயது. ஏற்கெனவே இரண்டு தடவை மேடை ஏறாமல் திரும்பியவர். லோர்னா அனுப்பிய சீட்டு அவர் கோட்டுப் பையில் இருந்தது.

நடையிலிருந்த திரையில் நட்சத்திரம் நாயைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு அது போட்ட குட்டிகளுக்கு வந்தார். லோர்னாவின் காதுக் கருவி சொன்னது: "கிளைடை விட்டுடுங்க. நேரமில்ல."

மிட்டாயை விழுங்கிவிட்டுத் தட்டினார். கண்ணாடி முன் உதட்டை அசைத்துக்கொண்டிருந்த கிளைட் திரும்பினார்.

"நேரம் முடிஞ்சுபோச்சு" என்றார் லோர்னா. "உங்க மேல தப்பில்ல."

மூன்றாவது வாக்கியத்துக்காக கிளைட் காத்திருந்தார். அது வராது என்று புரிந்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"பரவாயில்ல மேடம். இன்னிக்கு ஒரு நாள் முழிச்சிருக்க விடுங்கன்னு பஸ் பசங்க வீட்டுலயெல்லாம் கெஞ்சிட்டு வந்தேன். நல்லாத் தூங்கட்டும். நாளைக்கு நேரத்துக்கு வருவாங்க."

"எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?"

"அஞ்சு நிமிஷம். பஸ்ல சொன்னா மூணுதான். அவங்க சிரிக்கிறதில்ல."

"லோர்னா, எங்க இருக்கீங்க? லோர்னா" என்றது காதுக் கருவி.

லோர்னா அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து, "போட்டுக்குங்க. அஞ்சு நிமிஷமும் சொல்லுங்க" என்று கிளைட் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்தார்.