டேஷ்போர்டுக்குள் வாழைநார்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான் நான். ஆனால் அறந்தாங்கி ரோட்டில் இறங்கி என் பட்டறை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பால் குடிக்கிற பிள்ளைகூடக் கை காட்டும். இந்தக் கை தொட்டும் ஓடாத வண்டியை எவனும் இன்னும் செய்யவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சும்மா வந்த பெருமையா அது? என் முதல் வண்டியைச் சரி செய்தபோது எனக்குப் பத்து வயது. அதுவும் சைக்கிள் அல்ல, பந்தயக் கார்.

எங்கள் சித்தப்பா ஓர் எஸ்டேட் முதலாளிக்குக் கார் ஓட்டியவர். முதலாளி ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது, ஓடிக் களைத்த தன் சிவப்புக் காரை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாக இருக்கும். அதை அன்னவாசல் கடைத்தெருவுக்குள் ஓட்டி வந்த அன்று, டீக்கடையில் இருந்த ஒருவர், "என்னப்பா, படுத்துக்கிட்டே போற காரா?" என்று கேட்டார். சித்தப்பா அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையானால் பானெட்டைத் திறந்து ஏதாவது கழற்றிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பது சித்தி. இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டே பிடிப்பார்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் சித்தப்பாவுக்குத் துபாய் போக வழி கிடைத்தது. காரை விற்றால்தான் பயணம் என்ற நிலைமை. திருச்சிக்காரர் ஒருவர் வாங்குவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. சித்திதான் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, தன் கையால் கட்டிய பூச்சரத்தைச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தினார்.

திருச்சிக்காரர் வந்த அன்று நல்ல மழை. என்ஜின் சிங்கம் மாதிரி உறுமியது. ஆனால் வைப்பர் அசையவில்லை. டேஷ்போர்டில் ஒரு முள்ளும் எழும்பவில்லை. ஹாரனை அழுத்தினால் மட்டும் பெட்ரோல் முள் ஒரு துள்ளுத் துள்ளிப் படுத்துக்கொண்டது.

"மழையில கண்ண மூடிக்கிட்டா ஓட்டுறது? வெள்ளிக்கிழமை வாரேன். எல்லாம் வேலை செஞ்சா எடுத்துக்கிறேன். இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

புதுக்கோட்டையிலிருந்து வந்த மெக்கானிக், மொத்தத்தையும் பிரிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் நடக்காது என்று கையை விரித்தார். சித்தப்பா காரின் மேலேயே சாய்ந்து நின்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் பாக்குறேன் சித்தப்பா" என்றேன்.

"வாய்ப்பாடே ஒனக்கு வரல. காரு வந்துருமாக்கும்?" என்றாள் என்னைப் பெற்ற ஆத்தா.

அது போதும் எனக்கு. பள்ளிக்கூடத்தை மறந்தேன். தலை கீழே, கால் சீட்டின் மேலே என்று டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்தேன். பெரியவர்கள் உடம்பு அங்கே நுழையாது. ஒரு டார்ச் பல்பு, அதற்கு இரண்டு ஒயர், அவ்வளவுதான் என் ஆயுதம். ஒரு முனையை மீட்டருக்கு வரும் ஒயரிலும் மறுமுனையைக் காரின் தகரத்திலும் வைத்தால் பல்பு எரிந்தது. தகரத்துக்குப் பதில் மீட்டரின் முதுகில் வைத்தால் எரியவில்லை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். கழுத்து வலித்தது. ஆத்தா சாப்பிடக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள். கடைசியில் பிடிபட்டது. கரண்டு வருகிறது, வந்தது திரும்பிப் போக வழியில்லை. அந்தக் காருக்கு டேஷ்போர்டு மரப்பலகை. எர்த்து ஒயர் ஒன்று தனியாக வந்து தகரத்தில் சேர வேண்டும். அது எங்கே?

இருந்தது. தகரத்தில் சேராமல், மேலே மடக்கி, மற்ற ஒயர்களோடு வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. அதன் திருகு மட்டும் பத்திரமாக அதன் ஓட்டையிலேயே இருந்தது. நாரை அவிழ்த்து ஒயரைத் திருகினேன். எல்லா முள்ளும் ஒன்றாக எழுந்து நின்றன.

"எவனோ கிறுக்கு மெக்கானிக் கட்டிருக்கான், பாருங்க சித்தப்பா!" என்று நாரை நீட்டினேன்.

அவர் அந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எலியா இருக்கும்டா" என்றார்.

"எலி முடிச்சுப் போடுமா?"

அவர் என் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, "போய்ச் சாப்புடுடா" என்றார்.

மறுநாள் வைப்பர். அந்தக் காலத்துக் காரில் வைப்பருக்கு மோட்டார் கிடையாது. என்ஜின் காற்றை இழுக்கிற இழுப்பு ஒரு ரப்பர் டியூப் வழியாக வந்து அதை ஆட்டும். டியூப் எங்கும் கிழியவில்லை, இரண்டு முனையும் இறுக்கமாக மாட்டியிருந்தது. கழற்றி ஊதினேன், கன்னம் வலித்ததுதான் மிச்சம். உறிஞ்சிப் பார்த்தேன். வாய் நிறைய ஊதுபத்தி வாசம்! சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினேன். அணைந்த ஊதுபத்தி ஒன்று, காய்ந்த சந்தன உருண்டையோடு வெளியே விழுந்தது. வீடே சிரித்தது. "சாமி காரு மேல ஏறாம டியூப்புக்குள்ள எறங்கிட்டாரு" என்றாள் ஆத்தா. சித்தி மட்டும் கிணற்றடியில் ஏதோ அவசரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு முனையும் மாட்டியிருந்த டியூப்புக்குள் ஊதுபத்தி எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. கண்டுபிடித்த நானே கேட்கவில்லை. சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஸ்பானர் செட்டை வைத்துத்தான் தொழிலில் இறங்கினேன். அன்றிலிருந்து எத்தனையோ கோளாறு பார்த்துவிட்டேன். எதற்கும் தலை வணங்காத நான் அந்த ஒன்றுக்கு மட்டும் வணங்குகிறேன். ஓர் ஒயர் அறுபடவில்லை, ஒரு திருகு தொலையவில்லை, என்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. காரை நேசிக்கிற கை செய்த வேலை அது.

வெள்ளிக்கிழமை காலை, திருச்சிக்காரர் வருவதற்கு முன்னால், சித்தி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பணியாரம் வைத்தார்.

"எல்லாம் சரியாயிருச்சாடா?"

"ஆயிருச்சு சித்தி."

"நல்லாப் பாத்தியா? வேற எங்கிட்டும் ஒண்ணும் கெட்டுப் போகலையே?"

"என்னைய என்னன்னு நெனச்சீங்க? இனிமே துபாய் வரைக்கும் நிக்காமப் போகும்!"

சித்தி வாசலில் நின்ற காரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தட்டில் இன்னும் இரண்டு பணியாரம் வைத்தார். என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து இரண்டையும் தின்றுவிட்டு, காரைத் துடைக்க ஓடினேன்.