எல்லைக்கு அப்பால் உறங்குகிறவன்

சாரம்மாளுக்கு மத்தியான நேரம் என்றாலே பயம். பாளையங்கோட்டையில் தெருவே உண்ட மயக்கத்தில் கிடக்கிற அந்த நேரத்தில்தான், பின்கட்டிலிருந்து அவள் தம்பி கூப்பிடுவான். தம்பி செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அக்கா, நம்ம வீடு எந்தப் பக்கம்?"

வேறு எதுவும் கேட்கமாட்டான். அவளும் ஒரே பதிலைத்தான் சொல்லுவாள். "நம்ம பக்கந்தான் மக்கா."

அடுத்த வீட்டு ருக்குவுக்குச் சுவர் வழியாக இது கேட்கும். சாரம்மாள் புருஷன் போய், மகனும் மஸ்கட்டில் இருக்க, தனியாக இருக்கும் ரிட்டயரான நர்ஸ். ஏதோ முணுமுணுக்கிறாள் என்று ருக்கு விட்டுவிடுவாள்.

சாரம்மாள் பிறந்தது திருவிதாங்கூரில், பாறசாலையைத் தாண்டிய ஒரு கிராமத்தில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஐம்பத்துநாலில் தமிழ் பேசும் தாலுகாக்களை மதராஸோடு சேர்க்கச் சொல்லி ஊர் ஊராக ஊர்வலம் போனார்கள். தம்பி சுவிசேஷமுத்துவும் போனான். அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் போலீஸ் சுட்டது. சாரம்மாள் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரிக்கே அவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடிவயிற்றில் குண்டு. அவள் பஞ்சை வைத்து அழுத்த அழுத்த ரத்தம் விரல்களுக்கிடையே வந்துகொண்டே இருந்தது.

அவன் வலி என்று சொல்லவில்லை. "எல்லைக் கோடு போடுவாவல்லா அக்கா, நம்ம வீடு எந்தப் பக்கம் வரும்?" என்றுதான் கேட்டான்.

"நம்ம பக்கந்தான் மக்கா" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினான்.

ஐம்பத்தாறில் சட்டம் வந்தது. திருவிதாங்கூர்-கொச்சி என்ற மாநிலமே இல்லாமல் போனது. கேரளா என்று புதிதாக ஒன்று உண்டானது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் மதராஸுக்கு வந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா வரவில்லை. அவர்கள் வீடும், தம்பியைப் புதைத்த கல்லறைத் தோட்டமும் அந்தத் தாலுகாவில் இருந்தன.

அந்த வருஷமே அவள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு ஊருக்குப் போகவேயில்லை. அப்பாதான் மரச்சீனிக்கிழங்கைச் சுமந்துகொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார். தம்பியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளமாட்டார்கள். அப்பா இறந்தபோது அவள் பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். வீட்டைச் சித்தப்பா விற்றுவிட்டார்.

தொண்ணூற்றெட்டில் ஒரு நாள் ருக்கு வீட்டு டிவியில் செய்தி ஓடியது. உத்தரப் பிரதேசத்தைப் பிரித்து மலைப்பகுதியைத் தனி மாநிலமாக்கச் சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். மேளம் அடித்து ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தின் ஓரத்தில் ஒரு மலைக்காரி, பிரேம் போட்ட போட்டோ ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். நாலு வருஷத்துக்கு முன்னால், தனி மாநிலம் கேட்டுப் போன இடத்தில் துப்பாக்கிச் சூட்டில் செத்த மகனாம்.

"பாவம், பிள்ளை போனாலும் கேட்டது கிடைச்சுடுத்து" என்றாள் ருக்கு.

சாரம்மாள் எழுந்துவிட்டாள். "அவ வீடு கோட்டுக்கு எந்தப் பக்கம்னு தெரியாம அப்படிச் சொல்லாதீய" என்றாள். ருக்குவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் சாரம்மாள் நாகர்கோவில் பஸ் ஏறினாள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நாகர்கோவிலில் இறங்கி வேறு பஸ் பிடித்துக் களியக்காவிளைக்குப் போய், அங்கிருந்து கேரள பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தாள்.

பழைய வீட்டுக்கு ஓடு மாற்றியிருந்தார்கள். அங்கே குடியிருந்த ரெத்தினபாய் அவள் யாரென்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வரும் வரும்னு எங்க அம்மை சொல்லிட்டே மரிச்சு. வாங்கோ, கல்லறை காட்டித் தாரேன்."

சாரம்மாள் அறிந்தது ஒரு மண்மேடும் மரச்சிலுவையும்தான். இப்போது அங்கே ஒரு கல் நின்றது. அதில் மலையாள எழுத்து. பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துதான். ஆனாலும் பாசி படிந்து, கண்ணும் மங்கி, ஒரு எழுத்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. தமிழுக்காகச் செத்தவன் தலைமாட்டில் இது எதற்கு என்று முகம் சுருங்கியது.

"இதை யாரு வச்சது?"

"ஒங்க அப்பன்தான். அவருக்கு இந்த எழுத்துதானே தெரியும்." ரெத்தினபாய் குனிந்து விரலால் தடவிப் படித்தாள். "மக்களே, ஒறங்கு. அப்பன் இங்கன இருக்கேன்."

எழுத்துதான் மலையாளம். வார்த்தை அவர்கள் வீட்டுத் தமிழ். அப்பாவின் குரலே அந்தத் தோட்டத்தில் எழுந்ததுபோல் இருந்தது. சாரம்மாள் கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். ரெத்தினபாய் அவளைத் தனியே விட்டு வெளியே போய் நின்றாள்.

"மக்கா, அக்கா பொய் சொல்லிட்டேன்" என்றாள் சாரம்மாள். "நம்ம வீடு அந்தப் பக்கம் போயிட்டு. நீயும் அந்தப் பக்கந்தான் கெடக்க."

ரப்பர் இலைகள் அசைந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது கேரள பஸ் களியக்காவிளைக்கு முன்பே நின்றுவிட்டது. செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்துபோய்த் தமிழ்நாட்டு பஸ் ஏற வேண்டும். வெயில் உச்சியில் இருந்தது. நடக்கத் தொடங்கியதும் பின்னால் செருப்பில்லாத கால் ஒன்று மண்ணில் பதிகிற சத்தம் கேட்டது. அவள் மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாக வந்தது. திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. "பைய வா மக்கா" என்று மட்டும் சொன்னாள்.

எல்லைப் பலகையைத் தாண்டியபோது காலடிச் சத்தம் நின்றுவிட்டது.

அவள் திரும்பினாள். லாரிகள், வாழைக்குலை ஏற்றிய சைக்கிள், பீடி பிடிக்கிற ஆட்கள். அவ்வளவுதான். "நாகர்கோவில், நாகர்கோவில்! ஏறும்மா" என்று கண்டக்டர் கூவினார். அவள் ஏறவில்லை. அந்த பஸ் போனது. அடுத்ததும் போனது. வெயில் சாய்ந்த பிறகுதான் ஏறினாள்.

அதன்பின் மத்தியானங்களில் பின்கட்டு அமைதியாக இருந்தது. சுவருக்கு அப்பால் பேச்சு நின்றுபோனதைக் கவனித்த ருக்கு, நல்லதாயிற்று என்று நினைத்தாள். ஒரு நாள் முறுக்கு கொடுக்க வந்தவள், சாரம்மாள் பின்கட்டு வாசலில் காதைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்ன பண்றேள் இங்கே?"

"ஒண்ணுமில்ல" என்றாள் சாரம்மாள். "சத்தம் போடாதீய."